பழைய ஃபைபர் படகுக்கு எஞ்சினும் விசிறியும்: கடலூரில் எங்கள் அனுபவம்

எங்கள் பக்கம் பழைய ஃபைபர் படகை வாங்கிச் சரிசெய்கிற யாரும் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி. போடலாம்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. படகு இப்போது என்ன எடை இருக்கிறது, அந்த எடையோடு அது நியாயமாக என்ன வேகம் போகும், அந்த வேகத்துக்கு எந்த விசிறி (தண்ணீரைத் தள்ளும் புரொபெல்லர்) பொருந்தும், அந்த விசிறியைத் திணறாமல் சுற்ற எந்த எஞ்சின் வேண்டும், இந்த வரிசையில் யோசித்தால் எஞ்சின் வாங்கும்போதும் பணம் மிஞ்சும், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பெட்ரோலிலும் மிஞ்சும். என் சித்தப்பாவின் படகை நாங்கள் மறுபடி கடலுக்குத் தயார் செய்தபோது கிடைத்த விவரங்களை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது உதவினால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

படகு 28 அடி. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் கரைக்கு வந்த ஃபைபர் படகுகளில் ஒன்று. அதற்கு முன்னால் இங்கே கட்டுமரம்தான் அதிகம், பிறகு ஒரே வருஷத்தில் கரை முழுக்க ஃபைபர் ஆகிவிட்டது. அவசரத்தில் வார்த்த படகுகள் நிறைய, அதனால் ஒரே அளவு, ஒரே நிறம் என்று வெளியில் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒன்றுக்கொன்று வித்தியாசம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தபோது இந்தப் படகு ஒரு சுவரில் மோதி அணியத்தில், அதாவது முன்முனையில், பிளந்து, ஒட்டுப்போட்டு ஓடியது. கடைசியில் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நீளமான தண்டின் நுனியில் விசிறி சுற்றுகிற லாங் டெயில் டீசல் எஞ்சின் போய்விட்டது. இனி படகின் பின்னால் மாட்டிக் கழற்றுகிற அவுட்போர்டு எஞ்சின்தான் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

முதலில் எடை. இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். பழைய ஃபைபர் படகில் உட்காரும் பலகைக்குக் கீழேயும் இரண்டு பக்க அறைகளிலும் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். மேலே எங்கேயாவது ஆணி அடித்த ஓட்டை, திருகு போட்ட ஓட்டை இருந்தால் போதும், வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கி அந்த நுரை ஊறிப்போகும், ஊறிய நுரை வெயிலில் சீக்கிரம் காயாது. நாங்கள் படகை ஒரு லாரியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோனோம். லாரியை மட்டும் ஒரு தடவை, படகோடு ஒரு தடவை, கழித்தால் கணக்கு முடிந்தது. புதிதில் முக்கால் டன்னுக்குள் இருந்திருக்க வேண்டிய படகு ஒரு டன்னைத் தாண்டி நின்றது. ஃபைபர் மேஸ்திரி பலகைகளை வெட்டித் திறந்தபோது நுரையைக் கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அத்தனையையும் எடுத்துவிட்டு, கூட்டைக் காயவிட்டு, புது நுரை போட்டு மூடினோம். எடைமேடைக்குக் கொடுத்த சில்லறைக் காசு, இந்த முழு வேலையிலும் நான் செய்த மிக உபயோகமான செலவு.

அடுத்தது எஞ்சின் மாட்டும் பின்பலகை. மேலே ஃபைபர் பளபளவென்று இருக்கும், உள்ளே இருக்கிற மரம் அவலாக இற்றுப்போயிருக்கும். சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், இற்ற இடத்தில் சத்தம் செத்துப்போகும். சந்தேகமான இடத்தில் சின்ன ஓட்டை போட்டால் வருகிற தூள் காய்ந்திருக்கிறதா, கருத்து ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எங்களுடையது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. உள்பக்கத் தோலை வெட்டி எடுத்து, பழைய மரத்தைச் சுரண்டி, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காகப் பிசினில் ஒட்டி, மேலே மேட், ரோவிங் என்கிற கண்ணாடி இழை விரிப்புகளை மாறி மாறிப் போட்டு, ஓரங்களைப் படகின் பக்கச் சுவர் மேல் நன்றாக ஏற்றிவிட்டார் மேஸ்திரி. பழைய ஃபைபர் மேல் அரைக்காமல் பிசின் தடவினால் அது ஒட்டாது, ஒட்டினது போல இருந்துவிட்டு ஒருநாள் தோலாக உரியும். மெழுகு, டீசல், மீன் எண்ணெய் எல்லாம் போகும்வரை அரைத்து, துடைத்து, காயவிட்டுத்தான் தொட வேண்டும். எஞ்சின் தள்ளுகிற மொத்த விசையும் இந்தப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போகிறது, ஆகவே இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். துளை போடும் இடங்களில் பிசின் தடவி அடைத்த பிறகே போல்ட்டை இறக்குங்கள், மறுபடி ஊறல் தொடங்குவது அங்கேதான்.

பின்பலகையின் உயரத்தையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அவுட்போர்டு 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று கால் நீளத்தில் வருகிறது. விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும் பாருங்கள், அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ வர வேண்டும். மேலே இருந்தால் அலையில் படகு ஏறி இறங்கும்போது விசிறி காற்றை உறிஞ்சி எஞ்சின் அலறும். ரொம்பக் கீழே போனால் கால் முழுக்கத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வேகம் குறையும், ஆழம் குறைந்த இடத்தில் முதலில் தரையில் படுவதும் அதுதான். லாங் டெயில் மாட்டியிருந்த படகில் பின்பலகை உயரமெல்லாம் யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் 20 அங்குலக் காலுக்கு ஏற்றபடி பலகையை வெட்டிக்கொண்டோம்.

லாங் டெயிலா அவுட்போர்டா என்பதில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி நேராகக் கரையில் ஏற்றி இறக்குகிற ஊரில் லாங் டெயிலுக்கு இன்னும் மதிப்பு உண்டு. அலைவாயில் தண்டை ஒரே அமுக்கில் மேலே தூக்கிவிடலாம், டீசலும் குறைவு, உள்ளூர் லேத்திலேயே பாதி சாமான் செய்துகொள்ளலாம். கரையேற்றும் படகில் விசிறியை எப்படிக் காப்பாற்றுவது என்பது இந்தக் கடற்கரையின் பழைய பிரச்சினை. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்தில்கூட, எஞ்சினோடு சேர்த்து விசிறியைத் தூக்கிக்கொள்கிற அமைப்பை இதற்காகவே உருவாக்கிப் பார்த்தார்கள். ஆனால் எங்களைப் போல ஆற்றுக்குள் படகைக் கட்டி முகத்துவாரம் வழியாகப் போய் வருகிறவர்களுக்கு அவுட்போர்டு வசதி. திருப்புவதற்கு லகுவாக இருக்கும், அதிர்வு குறைவு, ராத்திரி கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். காதும் முதுகும் தப்பிக்கும். டீசல் எஞ்சின் பக்கத்தில் வாழ்நாள் முழுக்க நின்ற சித்தப்பாவிடம் இப்போது உரக்கப் பேசினால்தான் கேட்கும், அதனால் இந்த விஷயம் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, வேகம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகுக்கு அதன் நீளமே ஒரு எல்லை வைக்கிறது. தண்ணீரில் படுகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) வரும். எங்கள் படகில் தண்ணீர் படும் நீளம் 25 அடி. வர்க்கமூலம் 5, பெருக்கினால் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். ஒல்லியான படகு, லேசான படகு இந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டும்தான், ஆனால் தாண்டுகிற ஒவ்வொரு அரை நாட்டுக்கும் பெட்ரோல் தண்ணீராகச் செலவாகும். பாரம் ஏற்றிய படகில் 10 எச்.பி.க்குப் பதில் 15 எச்.பி. மாட்டினால் பாதி மடங்கு வேகம் கூடும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கூடுவது அலையின் உயரம்.

இப்போது விசிறி. விசிறியில் இரண்டு எண் போட்டிருக்கும், உதாரணமாக ஒன்பதேகால் பெருக்கல் 9. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி விசிறி ஒரு சுற்றுக்கு வழுக்காமல் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்கிற கணக்கு. தண்ணீர் மரம் இல்லை, ஆகவே எப்போதும் கொஞ்சம் வழுக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 5000 சுற்று, கியர் விகிதம் 2.08 (எஞ்சின் 2.08 சுற்றுக்கு விசிறி ஒரு சுற்று) என்றால் விசிறி நிமிஷத்துக்குச் சுமார் 2400 சுற்று சுற்றும். 9 அங்குல பிட்ச் என்றால் வழுக்கலே இல்லாமல் மணிக்கு 33 கிலோமீட்டர் போக வேண்டும். நம் படகு போவதோ 12. அப்படியானால் அந்த விசிறி யாருக்காகச் செய்தது? லேசான சின்னப் படகில் ஒருவர் இருவர் உட்கார்ந்து தண்ணீர் மேல் பறக்கிறவர்களுக்காக. கடையில் எஞ்சினோடு சேர்ந்து வருகிற விசிறி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். பாரப் படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் வேண்டும். நிறையத் தண்ணீரைப் பிடித்து மெதுவாகத் தள்ளுகிற விசிறிதான் சக்தியை வீணாக்காது.

எஞ்சின் வாங்கிய கடையில் "எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்று சொல்லி 9 அங்குல பிட்ச் விசிறியோடு கொடுத்தார்கள். சித்தப்பாவும், "டேய், கடையில மாட்டிக் குடுத்ததையே ஓட்டுவோமே, கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்றார். "இல்ல சித்தப்பா, பாரத்தோட ஒரு தடவை அளந்து பாத்துடுவோம், சரியா வந்தா அதையே வெச்சுக்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்ட, பிளக் ஒயரில் சுற்றிக்கொள்கிற சின்ன டாகோமீட்டர் கிடைக்கிறது, வேகத்துக்கு ஜி.பி.எஸ். பாரத்துக்கு, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்களில் தண்ணீர் நிரப்பி உருளாமல் கட்டிவிட்டோம். ஈர வலை, ஐஸ், மீன், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் வருகிற எடைக்கு அது ஈடு. ஒரே திசையில் மட்டும் ஓடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் கடலில் மாசி பங்குனியில் நீரோட்டம் வடக்கே போகும், ஐப்பசி கார்த்திகையில் தெற்கே வேகமாக இழுக்கும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓடிச் சராசரி எடுத்தால்தான் படகின் வேகம் தெரியும்.

எஞ்சின் புத்தகத்தில், முழு த்ராட்டிலில், அதாவது வேகக் கைப்பிடியை முழுசாகத் திருகினால், எந்தச் சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருக்கும். எங்களுடைய ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 5000 முதல் 6000. பாரத்தோடு முழுசாகத் திருகியும் 4700ஐத் தாண்டவில்லை. வெறும் படகில் நன்றாகத்தான் ஓடியது, அதனால்தான் பலருக்கு இது தெரியாமலே போகிறது. இப்படித் திணறிக்கொண்டே ஓடுகிற எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயுசு குறையும். படகு ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் பழி கடைசியில் எஞ்சின் மேல் விழும். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் 200 சுற்று அளவுக்கு ஏறும் என்பது பொதுவான கணக்கு. 7 அங்குல பிட்ச் மாட்டினோம். பாரத்தோடு 5100ஐத் தாண்டியது, வேகமும் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. எஞ்சின் சத்தமே வேறு மாதிரி ஆனது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய விசிறியைத் துடைத்து சாக்கில் சுற்றி எடுத்து வைத்தார்.

வெறும் படகோடு ஓடும்போது இந்தச் சின்ன பிட்ச் விசிறி மேல் எல்லையைத் தாண்டிச் சுற்றப் பார்க்கும். அப்போது த்ராட்டிலைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான், நம் கையில் இருக்கிற விஷயம் அது. திணறலைக் கையால் சரிசெய்ய முடியாது. அதனால் பாரத்துக்குப் பார்த்தே விசிறி எடுங்கள். மீன் ஏற்றி, காற்று எதிரே அடிக்கும்போது, முகத்துவாரத்தில் அலை உடைகிற நேரத்தில் எஞ்சின் நமக்கு வேண்டும். காலையில் வெறும் படகோடு கிளம்பும்போது எதுவும் போதும்.

எஞ்சினையே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஹை த்ரஸ்ட் என்று வருகிற வகையைக் கட்டாயம் விசாரியுங்கள். யமஹாவின் 9.9 ஹை த்ரஸ்ட் மாடலில் கியர் விகிதம் 2.92. அதே எஞ்சின் சுற்றுக்கு விசிறி மெதுவாகச் சுற்றும், அதனால் பெரிய விட்டமுள்ள விசிறியைப் போட இடம் கிடைக்கும். எங்களைப் போன்ற பாரப் படகுக்கு அளவெடுத்துத் தைத்தது அதுதான். நாங்கள் தேடிய நேரத்தில் அது கைக்குக் கிடைக்கவில்லை, உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைக்கிற எஞ்சினாகப் பார்த்து எடுத்தோம். அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரு இம்பெல்லருக்காக (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் சக்கரம்) படகு ஒரு வாரம் கரையில் கிடந்தால் எத்தனை நல்ல எஞ்சினும் பயனில்லை.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா? டூ ஸ்ட்ரோக் சில கிலோ லேசு, பிரிப்பது சுலபம், ஊரில் எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கம். ஆனால் முழு த்ராட்டிலில் 10 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்குச் சுமார் நாலு லிட்டருக்குள் குடிக்கிற இடத்தில் டூ ஸ்ட்ரோக் ஐந்து லிட்டர் பக்கம் போகும், அதோடு ஆயில் செலவு தனி. தினமும் கடலுக்குப் போகிற வீட்டுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் என் சிபாரிசு. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் தென்கோடியில் அதிகம், இங்கே மண்ணெண்ணெய் நம்பகமாகக் கிடைக்காதவரை அதில் இறங்காதீர்கள். எந்த எஞ்சினானாலும் முழுசாகத் திருகி ஓட்டாமல் முக்காலில் ஓட்டுங்கள், மேலே சொன்ன வேக எல்லை காரணமாக, நேரத்தில் இழப்பது கொஞ்சம், பெட்ரோலில் மிஞ்சுவது நிறைய.

விசிறி எந்த உலோகம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, அலுமினியம். ஸ்டீல் விசிறி மெல்லிசாக, அழகாக, பலமாக இருக்கும். ஆனால் கடலூர் முகத்துவாரத்தில் மணல் திட்டு மாறிக்கொண்டே இருக்கிறது, மழைக்காலத்தில் கெடிலத்தில் வெள்ளம் வந்தால் மரக்கட்டை, ஆகாயத்தாமரை எல்லாம் சேர்ந்து வரும். அடிபட்டால் அலுமினியம் வளையும், உடையும், அங்கேயே அடி நின்றுவிடும். ஸ்டீல் அந்த அடியைக் கியருக்குள் அனுப்பிவிடும். கியர் போனால் பாதி எஞ்சின் போன மாதிரி. நாலு பிளேடு விசிறி பிடிப்பு அதிகம் தருகிறது, அலையில் காற்று உறிஞ்சுவதும் குறைகிறது என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள், விலையும் கிடைப்பதும் ஒத்துவந்தால் போடலாம். மூன்று பிளேடே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

விசிறியின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பெரிய அடி பட்டால் அது வழுக்கி கியரைக் காப்பாற்றும். ஆனால் ஒருமுறை வழுக்கிய ரப்பர் அப்புறம் பாரத்தில் அடிக்கடி வழுக்கும்: எஞ்சின் சுற்றும், படகு நகராது. உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை பெயின்டால் ஒரே கோடு போட்டு வையுங்கள். ஓடி வந்த பிறகு கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். சின்ன எஞ்சின்களில் ரப்பருக்குப் பதில் ஒரு பின் இருக்கும், அடிபட்டால் அது வெட்டிக்கொள்ளும். அந்தப் பின்னை ஆணி வைத்துச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், வெட்டிக்கொள்வதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

வலை நூல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நைலான் நூல் விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகி, ஆயில் சீல் என்கிற அடைப்பு வளையத்தை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கியர் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி ஆயில் பால் நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே அடிக்கடி விசிறியைக் கழற்றிப் பாருங்கள், கழற்றும்போதே தண்டுக்கு கிரீஸ் தடவுங்கள், கீழ்த்திருகைக் கொஞ்சம் தளர்த்தி வருகிற ஆயிலின் நிறம் பாருங்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றினால் போதும், பால் நிறம் தெரிந்தால் அன்றைக்கே சீலை மாற்ற வேண்டும். முகத்துவார மணல் தண்ணீர் பம்பின் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். எஞ்சினிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் மெலிந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிடுவது கட்டாயம். கூடவே, எஞ்சின் உலோகம் அரிக்காமல் இருக்கத் தானே கரைகிற துத்தநாகக் கட்டியையும் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்தால் மாற்றிவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

எஞ்சினின் சாய்வும் முக்கியம். சாய்வுக்கான பின்னை ஒரு துளை மாற்றினாலே அணியம் தூக்குவதும் அமுங்குவதும் மாறும். ஓட்டுகிறவர் பின்னால், வலை நடுவில், ஐஸ் பெட்டி எங்கே என்று பாரத்தை எப்போதும் போல வைத்துக்கொண்டுதான் அந்தத் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினோம், அதற்கப்புறம் அணியம் தூக்குவது நின்றது.

வேலை முடிந்ததும் எஞ்சின் எண்ணையும் எச்.பி.யையும் மீன்வளத்துறையில் படகின் பதிவுச் சான்றில் மாற்றிக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றியதைப் பதிவு செய்யாமல் விட்டால் பின்னால் மானியம், இழப்பீடு என்று போகும்போது காகிதம் ஒன்று, படகில் இருப்பது ஒன்று என்று நிற்க வேண்டி வரும். படகில் எப்போதும் ஒரு உபரி விசிறி, அதன் நட்டு, பூட்டு ஊசி, வெட்டிக்கொள்ளும் பின் போட்ட எஞ்சினானால் அதில் இரண்டு, சரியான ஸ்பேனர், பிளக் ஆகியவற்றை ஒரு டப்பாவில் அடைத்துக் கட்டி வையுங்கள். சாக்கில் இருந்த அந்த 9 அங்குல விசிறிதான் இப்போது எங்கள் படகில் உபரி, அதை மாட்ட வேண்டி வந்தால் த்ராட்டில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று சித்தப்பா பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.